அந்துப்பூச்சி அறை

இன்று காலை உப்புமா கிண்டலாம் என்று ரவை டப்பாவைத் திறந்தேன். மருமகள் பிள்ளைகளோடு ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்க வேண்டும். ரவை முழுக்கக் கட்டி கட்டியாக நூலோடிக் கிடந்தது. உள்ளிருந்து சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று எழும்பி என் கன்னத்தில் மோதிவிட்டு ஜன்னலுக்குப் போனது. கூடவே அந்த வாசனை. புளித்த மாவும் காயாத துணியும் சேர்ந்தது போல ஒரு வாசனை. டப்பாவைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நீ நின்று இருமுவது போலவே இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் வேலை பார்த்த இடத்தை இப்போது யாருக்கும் அடையாளம் சொல்ல முடியாது. எலப்புள்ளிப் பக்கம், ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். வாசலில் மலையாளத்தில் நீளமாக ஒரு பெயர்ப்பலகை. அதை யாரும் படிக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது புழு ஆபீஸ். தென்னை ஓலையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப்புழுவை அழிப்பதற்காகக் குளவி வளர்த்து, தோப்புக்காரர்களுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அங்கே வேலை. எழுபதுகளின் நடுவில், எமர்ஜென்சி தொடங்கிய சமயத்தில், நாம் இருவரும் அங்கே தற்காலிக வேலைக்காரர்களாகச் சேர்ந்தோம். நான் எலப்புள்ளிக்காரி. நீ வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டிலிருந்து பத்தாவது முடித்துவிட்டு, கஞ்சிக்கோட்டில் மில் வேலையிலிருந்த உன் மாமா வீட்டில் தங்கி வந்துகொண்டிருந்தாய்.

முதல் நாள் நீ என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, குளவின்னாவ. கொட்டுமோன்னு நடுங்கிக்கிட்டேல்லா வந்தேன். எங்கட்டி குளவி?"

'ஏட்டி' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு நிற்பார்கள். இருந்தாலும் மேசையிலிருந்த அரிக்கேன் சிம்னிக் கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். "இதானுங்க. இத்துனூண்டுதானுங்க."

நீ கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாய். உள்ளே ஐம்பது அறுபது குளவிகள், எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. "இதுக்கா பயந்தேன்!" என்று சிரித்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பூச்சிக்கும் 'ங்க' போடுவியாட்டி நீ?" என்றாய். அன்றைக்கே சிநேகம் ஒட்டிக்கொண்டது.

அங்கே இரண்டு அறைகள். ஒன்று குளவி அறை, மற்றது பூச்சி அறை. குளவி பெருக வேண்டுமானால் அதற்குப் புழு வேண்டும். தென்னைப் புழுவைத் தினமும் ஆயிரக்கணக்கில் பிடித்துவர முடியாது. அதனால் அந்துப்பூச்சியைக் கம்பு நொய்யில் வளர்த்து, அதன் புழுவைக் குளவிக்குக் கொடுத்தோம். இரண்டு துணிக்கு நடுவில் புழுக்களைப் பரப்பி, அதை அரிக்கேன் விளக்கின் சிம்னிக் கண்ணாடி வாயில் ரப்பர் போட்டுக் கட்டுவோம். உள்ளே இருக்கும் குளவி வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறும். துணி வழியாகவே புழுவைக் கொட்டும். புழு சாகாது, அசையாமல் கிடக்கும். அதன் உடம்பின் மேல் குளவி முட்டை வைக்கும். குஞ்சுகள் அந்தப் புழுவை உறிஞ்சியே வளர்ந்து, வெள்ளைக் கூடு கட்டி, பத்துப் பதினோரு நாளில் குளவியாக வெளியே வரும்.

முதல் வாரம் உனக்கு இது பிடிக்கவில்லை. "உசிரோட வச்சுத் திங்குதே, பாவம்லா" என்றாய். தோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நீ அப்படிச் சொல்லவில்லை. தீ வைத்தது போல ஓலையெல்லாம் கருகித் தொங்கிய தோப்பு அது.

சார் உனக்குப் பூச்சி அறையையும் எனக்குக் குளவி அறையையும் ஒதுக்கினார். ஆபீஸ் பொறுப்பிலிருந்த சார் திருச்சூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தொழில் தெரிந்தவர், சிரிக்கத் தெரியாதவர். அவர் முதல் நாளே சொன்ன விதி ஒன்றுதான்: குளவி அறையில் நுழைந்தவர் அன்றைக்குப் பூச்சி அறை வாசலை மிதிக்கக் கூடாது. குளவி ஒன்று உள்ளே போனால் போதும், தொட்டி தொட்டியாக நாம் வளர்க்கிற புழுவையெல்லாம் கொட்டித் தன் குஞ்சுக்குத் தீனியாக்கிவிடும். தோப்பில் அது காவல்காரன். பூச்சி அறையில் அதுவே கொள்ளைக்காரன்.

உன் வேலை எத்தனை கடினமானது என்று அப்போது நமக்குத் தெரியாது. தினமும் காலையில் தொட்டிகளின் துணியை விலக்கி, எழும்புகிற அந்துகளைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து முட்டைக் கூண்டில் விடுவாய். ஒவ்வொரு அந்தும் இறக்கையடிக்கும்போது செதில் உதிரும். மதியம் நீ வெளியே வரும்போது புருவத்திலும் கை மயிரிலும் சாம்பல் பூசினது போல இருக்கும். "கோயில் கொடை நாடகத்துல சாமியார் வேசம் கட்டலாம்டி நான்" என்பாய். மூக்கை மூடிக்கொள்ளத் துணி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நாமும் கேட்கவில்லை.

ஆறேழு மாதத்தில் இருமல் ஆரம்பித்தது. முதலில் தும்மல், பிறகு இருமல், பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தால் சரியாகிவிடும், திங்கட்கிழமை தொட்டியைத் திறந்ததும் திரும்ப வந்துவிடும். சாரிடம் சொல்லலாம் என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"சொல்லிராத சரசு. சீக்குக்காரின்னு நாளைக்கே அனுப்பிருவாரு. எங்கம்மாவுக்கு ஒரே வைராக்கியம், நான் திரும்பி வந்து கொழுந்துக் கூடையக் கட்டக் கூடாதுன்னு. ஒரு வேலையைப் பெர்மனென்ட் ஆக்கப் போறாகளாம்லா. அது ஒனக்கோ எனக்கோ கிடைக்கட்டும். அதுவரைக்கும் பொறு."

ஒனக்கோ எனக்கோ என்றுதான் சொன்னாய். அதை நீ மனதோடு சொன்னாய் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

மாராத்தாக்காவை நினைவிருக்கிறதா? எங்கள் ஊருக்குக் கிழக்கே, நாற்பது தென்னையும் ஒரு கிணறும் வைத்திருந்த கைம்பெண். கருகின ஓலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார். "ஏனுங் சார், எப்பங்க உங்க குளவிய உடுவீங்க? எங்க ஊட்டுக்காரரு வெச்ச மரமுங்க. ஒவ்வொண்ணா மொட்டையாவறதப் பாத்துட்டு ஊட்டுக்குள்ள சோறு திங்க முடியலீங்க." பக்கத்துத் தோப்புக்காரர் மருந்தடிக்கச் சொல்லி அவரை நெருக்கிக்கொண்டிருந்தார். சார், "மருந்து வேண்டா அம்மா. ரெண்டு ஆழ்ச்ச க்ஷமிக்கணும். குளவி தராம்" என்றார். இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னதைப் புரிந்துகொண்டு அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தோப்புக்கென்றே சிம்னிகளை ஒரு வரிசையாகப் பிரித்து வைத்தோம். நீதான் சிலேட்டுக் குச்சியால் மேசையில் 'மாராத்தா' என்று எழுதினாய்.

அடுத்த நாள் சனிக்கிழமை. சார் பாலக்காட்டுக்கு மீட்டிங் போயிருந்தார். பதினோரு மணி இருக்கும். பூச்சி அறையிலிருந்து நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச முடியவில்லை. உன்னைப் பின்பக்கம் புளிய மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"தொட்டி தொறந்து கெடக்கு" என்று திக்கித் திக்கிச் சொன்னாய்.

"நான் பாத்துக்கறேன். நீ அசையாம உக்காரு புள்ள."

நான் காலை முழுக்கக் குளவி அறையில் இருந்தவள். எனக்கு விதி தெரியும். மறந்து போனேன் என்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் போனேன். உன் தொட்டிகளை மூட வேண்டும், மாராத்தாக்கா வரிசைக்குப் புழுவும் வேண்டும், அதற்கு நீ எழுந்து வரக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று தாவணியை உதறிக்கொண்டு நுழைந்தேன். கையில் ஒரு சிம்னியும் இருந்தது. புழுவை நேராக அதிலேயே பரப்பிவிடலாம் என்ற அவசரம். அதன் ரப்பர் தளர்ந்திருந்ததை உள்ளே போன பிறகுதான் பார்த்தேன். துணியை இழுத்துக் கட்டினேன். ஒன்றும் பறந்ததாகத் தெரியவில்லை. தொட்டிகளை மூடிவிட்டு வெளியே வந்தேன். உன் மூச்சு சீராகியிருந்தது. மாலையில் பதிவேட்டில் வழக்கம்போல நீ பூச்சி அறைக்கும் நான் குளவி அறைக்கும் கையெழுத்துப் போட்டோம்.

நொய்க்கு அடியில் நடந்தது பத்து நாளும் மேலே தெரியவில்லை. பதினோராம் நாள் காலையில் நீ பூச்சி அறையைத் திறந்தாய். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாய். வாசலில் நின்றே பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி முழுக்கக் குளவி. தொட்டிகளில் புழுக்கள் வாடிய கறிவேப்பிலைக் காம்பு மாதிரிக் கிடந்தன. நொய்யின் மேல் எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கூடுகள். அந்து ஒன்றுகூட எழும்பவில்லை.

சார் வந்தார். ஒரு தொட்டியில் கையை விட்டு நொய்யை அள்ளிப் பார்த்தார். கத்தவில்லை. கூடுகளைப் பார்த்து விரல் விட்டு நாள் எண்ணி, மேசைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். அந்தச் சனிக்கிழமையில் அவர் விரல் நின்றது. பிறகு நம் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் பேசும் மலையாளத் தமிழில் கேட்டார்: "சனியாழ்ச்ச பூச்சி ரூமில் ஆரு?"

"நான்தான் சார்" என்றாய்.

"வேற ஆரெங்கிலும் கேறியோ?"

வேறு யாராவது உள்ளே போனார்களா என்று கேட்டார். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்க்கவில்லை. வாசலில் ஒருவர் வருவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படிப் பார்த்தாய். நான் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அந்தப் பெர்மனென்ட் வேலை, வீட்டில் மூன்று தங்கைகள், எமர்ஜென்சியில் யாரை எதற்கு வேலையிலிருந்து அனுப்பினார்கள் என்று ஊரில் பேசிக்கொண்ட கதைகள், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சார். யாரும் வரல" என்றாய் நீ.

அன்று மதியமே உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொட்டிகளையெல்லாம் வெந்நீர் ஊற்றிக் கழுவினோம் நானும் ஆபீஸ் காவல்காரரும். நீ உன் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலில் சற்று நேரம் நின்றாய். நான் வெளியே வரவில்லை. மறுநாள் காலை நீ எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறுகிறாய் என்று தெரிந்திருந்தும் வழியனுப்ப வரவில்லை. காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

மாராத்தாக்கா சொன்ன நாளில் வந்தார். கொடுக்க ஒன்றுமில்லை; பூச்சி அறைக் குளவிகளை வெந்நீரோடு அழித்தாயிற்று, புழு கிடைக்காமல் அவர் வரிசையும் பெருகவில்லை. அந்துவைப் புதிதாக வளர்த்துப் புழுவாக்கிக் குளவிக்குக் கொடுக்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். அதைச் சாரே சொன்னார். அக்கா திரும்பிப் போனார். ஒரு வாரத்தில் பக்கத்துத் தோப்புக்காரரின் ஆட்கள் வந்து மருந்தடித்தார்கள். கருந்தலைப்புழு ஓலையின் அடியில் தன் எச்சத்தையும் நூலையும் வைத்துக் குழாய் கட்டி, அதற்குள் இருக்கும். மேலே தெளித்தது அதைத் தொடவில்லை. தோப்பில் தானாக இருந்த கொஞ்சநஞ்சக் குளவியும் சிலந்தியும்தான் செத்தன. கிணற்றடியில் மேய்ந்த கோழிகளும் செத்தன. அடுத்த கோடையில் போய்ப் பார்த்தேன். கொண்டையில் இரண்டு ஓலையோடு நின்றன மரங்கள். "குளவி வந்துருந்தா பொழச்சிருக்குமுங்களா?" என்று அக்கா என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். பிழைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஆண்டு அந்த வேலை எனக்கு நிரந்தரமானது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

உன்னைத் தேடி வர எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பங்குனி மாதம். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறி வண்டிப்பெரியாரில் இறங்கியபோது எனக்கு வாந்தி. ஒரு கடைக்காரர் உன் எஸ்டேட்டைக் காட்டினார். லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் உன் அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்து, "நீதான் சரசா? ஒன்னையத்தான் எப்பப் பாத்தாலும் சொல்லுவா" என்றார். அதற்கு அவர் என்னை அந்த விறகாலேயே அடித்திருக்கலாம்.

நீ மேட்டுக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாய். இளைத்திருந்தாய். கழுத்து எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றது, பிறகு மறுபடி ஓடியது. "வாட்டி பாலக்காட்டுக்காரி" என்றாய். அவ்வளவுதான்.

செடியில் சில கொழுந்துகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டிருந்தன. உள்ளே புழு. அப்படிச் சுருண்டதையெல்லாம் கிள்ளித் தனிப் பையில் போட்டுக் கொளுத்த வேண்டும் என்பது எஸ்டேட் உத்தரவு. மற்றப் பெண்கள் அப்படியே செய்தார்கள். நீ மட்டும் ஒவ்வொன்றையும் நகத்தால் பிரித்துப் பார்த்தாய். புழு நெளிந்தால் பைக்குள் போட்டாய். அரிசி மாதிரி வெள்ளைக் கூடு இருந்தால் செடியிலேயே விட்டுவிட்டாய். ஒன்றை என்னிடம் காட்டினாய்.

"பாத்தியா? இங்கயும் நம்மாளு இருக்கு. யாரும் வளத்து விடல, தானா வந்திருக்கு. கொளுத்துனா இதும்ல சேந்து போகும். விட்டுட்டுப் போனா சூப்பர்வைசர் வையுதாரு. கண்ணு தெரியலன்னு சொல்லிக்கிடுவேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. செடி வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். அந்தச் சனிக்கிழமை கையில் சிம்னியோடு உள்ளே போனதையும், ரப்பர் தளர்ந்திருந்ததையும் சொன்னேன். "என்னை மன்னிச்சுக்க புள்ள" என்றேன்.

நீ கூடையை இறக்கி வைத்தாய். மூச்சு வாங்கியது. அந்த விசில் சத்தம் இப்போது நெஞ்சுக்குள் இல்லை, வெளியிலேயே கேட்டது.

"சிம்னி சங்கதி எனக்குத் தெரியாது. நீ உள்ள போனது தெரியும்லா. நான்தான தொட்டி தொறந்து கெடக்குன்னேன்? அன்னைக்கு நான் ஒன்னயப் பாத்தேன். நீ தரையப் பாத்த."

"சொல்லியிருக்கலாமே நீ..."

"என்னன்னு சொல்ல? இருமிக்கிட்டு மரத்தடியில கெடந்தேன்னா? நான் சொல்லிருந்தா ரெண்டு பேருக்கும் வேல போயிருக்கும். நீ சொல்லிருந்தா, எனக்காகத்தான் போனன்னு சாருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருவேளை ரெண்டு பேரையும் விட்டிருப்பாரு. அத நெனச்சு நெனச்சுத்தான் எனக்கு ஒறக்கம் வரல்ல."

நான் மறுபடி மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய்.

"அத விடு. எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? எங்க மாமா இன்னும், 'ஆபீசுல தூங்கி வேலையக் கெடுத்தவ'ன்னு ஊரெல்லாம் சொல்லுதாரு. அவருகிட்டப் போயிச் சொல்லு. சார்கிட்டச் சொல்லு. அந்த நோட்டுல எம்பேரு கெடக்குல்லா, அதுக்குப் பக்கத்துல எழுதச் சொல்லு."

அன்று உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும். எனக்கு நீ பரிமாறவில்லை, உன் அம்மா பரிமாறினார். பஸ் ஏறும்போது நீ வந்தாய். கை அசைக்கவில்லை. பஸ் திரும்பும் வரை நின்றாய்.

ஊருக்கு வந்த மறுநாளே கஞ்சிக்கோட்டுக்குப் போனேன். உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நான் அவளக் கைநீட்டி அடிச்சேனம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உன் அத்தை எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காததே சரி.

சாரிடம் சொல்ல இன்னும் பத்து நாள் ஆயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கழிஞ்ஞது கழிஞ்ஞு. இனி இது எழுதியால் நின்றெ ஜோலி போகும். நான் அன்னு சரியாயி அன்வேஷிச்சில்ல என்னு ஆகும்." முடிந்தது முடிந்து போனது, எழுதினால் என் வேலை போகும், அவரும் அன்று சரியாக விசாரிக்கவில்லை என்றாகும் என்பது அதன் பொருள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிண்டாதிரி" என்றார். வாயைத் திறக்காதே என்று.

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும்.

உனக்கு எழுதிய கடிதத்தில் மாமாவைப் பார்த்ததை விவரமாக எழுதினேன். கடைசியில், 'சாரிடமும் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வரி. அது பொய் இல்லை. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

வைகாசி கடைசியில் உன் இன்லண்ட் கடிதம் வந்தது. உனக்கு மழைக்கு முன்பே மூச்சு அதிகமாகிவிட்டது, வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். மாமா வந்து அழுதுவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தாய். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, 'சார் என்ன சொன்னார்?' என்று கேட்டிருந்தாய்.

என்ன எழுதுவது? மிண்டாதிரி என்றார், நானும் சரி என்றேன் என்று எழுதுவதா? ஒரு நல்ல பதில் கிடைத்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். சாரிடம் மறுபடி பேச ஒரு சமயம் பார்த்தேன். ஒருநாள் அவருக்கு வேலை அதிகம், ஒருநாள் மேலதிகாரி வந்திருந்தார், ஒருநாள் எனக்கே தைரியம் இல்லை. வைகாசி போய் ஆனி போயிற்று. ஆடியில் உன் அம்மா யாரையோ வைத்து எழுதிய கார்டு வந்தது. மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் நீ போய்விட்டாய். 'கடைசி வரை தபால்காரர் வந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தா' என்று அதில் ஒரு வரி இருந்தது.

அன்று மதியமே ஒரு முழுத்தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுச் சாரின் மேசையில் வைத்தேன். அவர் வாங்க மறுத்தார். தபாலில் மேலிடத்துக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மெமோ வந்தது. இனிமேல் இப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று நாலு வரி. வேலை போகவில்லை. சாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதிவேட்டில் உன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் என் பெயரைச் சாரே எழுதினார். நான் பயந்ததெல்லாம் அந்த நாலு வரி மெமோவுக்குத்தான். அன்றைக்கே இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ உறங்காமல் யோசித்ததை, அதன் பிறகு நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் பல வருஷம் அங்கேயே இருந்தேன். பூச்சி அறைக்குள் யாரும் மூக்கில் துணி கட்டாமல் போகக் கூடாது, ஒருவரே நாள் முழுக்க இருக்கக் கூடாது என்று சண்டை போட்டு வழக்கமாக்கினேன். எத்தனையோ தோப்புகளுக்குக் குளவி கொண்டுபோனேன். பிழைத்த மரங்கள் உண்டு. மாராத்தாக்காவின் நாற்பதில் பன்னிரண்டு திரும்பத் துளிர்த்தன. இதையெல்லாம் உன்னிடம் சொல்வது எனக்குச் சமாதானம் தேடிக்கொள்ள அல்ல. நீ இருந்திருந்தால் இதையெல்லாம் கேட்டிருப்பாய், அதனால் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் எனக்கு அப்போதே பதில் சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்தால் அன்றைக்கே வரமுடியும், முடியாது என்று எழுதிவிடுவேன். இப்போது போன் வந்துவிட்டது. பேரன் ஏதாவது கேட்டு அனுப்பினால், குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு வந்து பதில் போடுகிறேன். நல்ல பதிலோ கெட்ட பதிலோ, இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். "அத்தைக்கு ஏனுங்க இத்தனை பதட்டம்? ஆறப்போட்டுச் சொன்னா ஆகாதுங்களா?" என்று மருமகள் கேட்பாள்.

ஆகாது. கேட்டவர் அதுவரை காத்திருப்பார் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.